தேர்ந்த கை, புதிய ஆள்: வேகப் பாய்மரப் படகில் முதல் நாள்

காரைக்குடியில் கடல் இல்லை. தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் தொண்டி. அறந்தாங்கி வழியாகப் போனால் கோட்டைப்பட்டினம். சென்னையிலோ வெளிநாட்டிலோ ரேஸிங் டிங்கி (சிறு போட்டிப் பாய்மரப் படகு) ஓட்டிப் பழகிவிட்டு விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் சிலர். "நானும் ஒரு தடவை வரேன்" என்று கூடவே கிளம்பும் தம்பிகளும் மச்சான்களும் அதைவிட அதிகம். இந்தக் குறிப்பு அந்தத் தம்பிகளுக்கு அல்ல, சுக்கான் பிடிப்பவருக்கு.

காரணம் எளிது. புது ஆளோடு போகும்போது படகு கவிழ்ந்தால் "அவன் சரியா நகரல" என்று சொல்லிவிடுகிறோம். தேர்ந்த க்ரூ (சுக்கான் பிடிப்பவரோடு வரும் துணை ஆள்) காற்று மாறும் முன்பே உடம்பை நகர்த்திவிடுவார். புதியவர் ஒன்றிரண்டு வினாடி பிந்தித்தான் நகர்வார். அதை யாராலும் மாற்ற முடியாது. அந்த இரண்டு வினாடியைப் பாய்க்கயிற்றாலும் சுக்கானாலும் நிரப்ப வேண்டியது நீங்கள். ஆள் போய்ப் படகைச் சமன் செய்யட்டும் என்று காத்திருக்காமல், ஆள் எங்கே இருக்கிறாரோ அதற்கு ஏற்றபடி படகைக் கொண்டுபோக வேண்டும். கீழே வருவதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

படகும் நாளும்

420, 470 என்பவை படகு வகைகள். 420 என்றால் 4.20 மீட்டர் நீளம். 470 என்றால் 4.70. இவற்றில் ஓரளவு உட்கார்ந்து பேச முடியும். பாயைத் தளர்த்திவிட்டால் படகு நிற்கும், விளக்கலாம், மறுபடி கிளம்பலாம். ட்வென்டிநைனர் (29er), ஃபோர்ட்டிநைனர் (49er) போன்ற ஸ்கிஃப் வகை அப்படி அல்ல. அவை ஓடும்போதுதான் நிமிர்ந்து நிற்கும், சைக்கிள் மாதிரி. நிறுத்தினால் சாயும். கே. சி. கணபதியும் வருண் தக்கரும் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய ஃபோர்ட்டிநைனரில் இருவருமே ட்ரப்பீஸில், அதாவது பாய்மரத்திலிருந்து வரும் வயரில் இடுப்புக் கொக்கியை மாட்டி, படகுக்கு வெளியே தொங்குவார்கள். புது ஆளை அதில் ஏற்றவே வேண்டாம். ஒரே ட்ரப்பீஸ் உள்ள 420 முதல் தேர்வு, ட்வென்டிநைனர் இரண்டாவது. ட்வென்டிநைனர்தான் கிடைத்தது என்றால், தண்ணீரில் விளக்க நேரம் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கரையிலேயே முடித்துவிடுங்கள்.

காற்று 8 முதல் 12 நாட். மணிக்கு 15 முதல் 22 கிலோமீட்டர். 14 நாட்டைத் தாண்டினால் அன்று வேண்டாம். 6 நாட்டுக்குக் கீழே இருந்தாலும் வேண்டாம். இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. காற்று குறைவாக இருந்தால் பாயின் இழுவை ட்ரப்பீஸில் தொங்கும் ஆளைத் தாங்காது. படகு அவர் பக்கமாகவே சாய்ந்து, முதுகோடு அவரைத் தண்ணீரில் முக்கும். முதல் முறையே அப்படி நனைந்தவர் அப்புறம் காலை நீட்டவே பயப்படுவார். காற்றுமானி இல்லாவிட்டால் கடலைப் பாருங்கள். அலைத்தலைகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் சுமார் 8–10 நாட். பார்க்கும் இடமெல்லாம் வெள்ளையாக இருந்தால் வண்டியைத் திருப்புங்கள்.

அளவைவிடத் திசை முக்கியம். இங்கே கரை ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது, கடல் கிழக்கே. கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும்போது கரையோரத் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும்; பார்க்கப் புது ஆளுக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனால் கவிழ்ந்தால் படகும் ஆளும் மெல்லக் கிழக்கே போய்க்கொண்டிருப்பார்கள். தள்ளிப் போகப் போகக் காற்றும் கூடும், அலையும் கூடும். புது ஆளோடு போக ஏற்றது கடற்காற்றுதான்: கொண்டல் (கிழக்கு) பக்கத்திலிருந்து நண்பகலை ஒட்டி எழும்பி வருவது. அலை கொஞ்சம் இருக்கும், நனைவீர்கள். ஆனால் எது நடந்தாலும் காற்று உங்களைக் கரைக்குத்தான் கொண்டுவரும். கச்சான் நாளில் போயே ஆக வேண்டுமென்றால் கரையிலிருந்து 200 மீட்டருக்குள், துணைப்படகு எப்போதும் உங்களுக்குக் கிழக்கே. ஐப்பசி முதல் மார்கழி வரை, வாடைக் காலத்தில், பேச்சே வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், அவற்றின் போக்குவரத்துத் தொல்லை இல்லை. பள்ளி விடுமுறையும் அதே சமயம். ஆனால் நாட்டுப்படகுகளும் நண்டு வலைகளும் அப்போதும் கடலில் இருக்கும். எந்தப் பக்கம் வலை போட்டிருக்கிறது என்று காலையில் கரையில் இருப்பவர்களிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. டாகர்போர்டு (படகின் அடியில் இறக்கும் பலகை; 420-ல் சென்டர்போர்டு) வலையில் மாட்டினால் படகு சட்டென்று நிற்கும், வயரில் தொங்குபவர் நிற்க மாட்டார். வலை கிழிந்தால் நஷ்டம் இன்னொருவருக்கு. கிளம்பும் முன் கடலோரக் காவல் குழுமத்துக்குத் தகவல் சொல்லுங்கள். இலவச எண் 1093. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554.

உடுப்பும் கருவியும்

மிதவைச் சட்டை 50 நியூட்டன் வகை, இடுப்போடு இறுக்கமாக நிற்பது. தடித்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் அதிகம் மிதக்குமே என்று தோன்றும். அது ட்ரப்பீஸ் கொக்கியை மறைக்கும், பூமுக்கு (பாயின் அடியில் கிடையாக நிற்கும் கம்புக்கு) கீழே குனிய விடாது, பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டால் மூழ்கி வெளியே வரவும் விடாது. தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் வகை இதற்கு அறவே ஆகாது. நீச்சல் தெரியாதவரை மிதவைச் சட்டை போட்டு ஏற்றலாம் என்றும் நினைக்க வேண்டாம். உடுத்த உடுப்போடு 50 மீட்டர் நீந்தி, தலையைத் தண்ணீருக்குள் வைத்துப் பத்து எண்ணத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஊரிலேயே சோதித்துக்கொள்ளலாம்: குளிக்கிற ஊருணியில். குடிநீர் ஊருணியில் இறங்கினால் கடலுக்குப் போகும் முன்பே பஞ்சாயத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

ட்ரப்பீஸ் ஹார்னெஸில் (கொக்கி உள்ள இடுப்புப் பட்டையில்) விரைவாகக் கழலும் கொக்கி கட்டாயம். 2023 ஜனவரி 1 முதல் போட்டி விதியே அதைக் கேட்கிறது. கவிழும்போது வயர் கொக்கியைச் சுற்றிக்கொண்டால், எடை தாங்கி இறுகிய நிலையில் சாதாரணக் கொக்கி கழலாது. புது ஆளுக்கு இதை வாயால் சொல்லிப் பயனில்லை. கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கையாலும் தனித்தனியாகப் பத்து முறை கழற்ற வையுங்கள். இருவர் சட்டையிலும் முனை மழுங்கிய கொக்கிக் கத்தி ஒன்று, ஒரு விசில். தலைக்கு நீர்விளையாட்டு ஹெல்மெட். காலுக்கு அடிப்பாகம் மெல்லிய ரப்பர் காலணி. செருப்பு வேண்டாம், வெறுங்காலும் வேண்டாம். மோதிரம், சங்கிலி, காப்பு எல்லாம் கரையில்.

பாய்மர உச்சியில் மிதவை கட்டுவதை மறக்காதீர்கள். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் இருக்கும் இடங்கள் உண்டு. இந்தப் படகுகளின் பாய்மரமோ சுமார் 20 அடி. முழுக்கக் கவிழ்ந்தால் மர உச்சி சேற்றில் குத்தி நிற்கும். அதை நெம்பினால் மரம் முறியும். மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி கேன் ஒன்றைப் பெரிய பாயின் தலைக்கண்ணில் (மேல்முனைத் துளையில்), நைலான் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டினால் போதும். 20 அடி தள்ளி 5 கிலோ மிதப்பு என்பது பெரிய நெம்புகோல். படகு பக்கவாட்டில் கிடக்குமே தவிரத் தலைகீழாகப் போகாது.

முதல் நாள் ஜென்னக்கரை, 420 என்றால் ஸ்பின்னேக்கரை (காற்று பின்னாலிருந்து வரும்போது விரிக்கும் பெரிய முன்பாயை), படகிலிருந்து இறக்கி வண்டியிலேயே வைத்துவிடுங்கள். சுருட்டிப் படகிலேயே வைத்தால் "சும்மா ஒரு தடவை" என்று கை அரிக்கும்.

ஊஞ்சல் வளையத்தில் ஒரு மணி நேரம்

ட்ரப்பீஸைக் கடலில் கற்றுக்கொடுப்பது வீண் வேலை. செட்டிநாட்டு வீடுகளில் இதற்கு வாகான ஓரிடம் இருக்கிறது: ஊஞ்சல் வளையம். பலகையைக் கழற்றிவிட்டு ஒரு வளையத்தில் ட்ரப்பீஸ் வயரையோ 6 மில்லிமீட்டர் கயிற்றையோ கட்டுங்கள். முதலில் இரண்டு பெரிய ஆட்கள் சேர்ந்து தொங்கிப் பார்க்க வேண்டும். பழைய வளையம், பழைய உத்தரம். துரு இருந்தாலோ அசைந்தாலோ அந்த வீட்டில் வேண்டாம், வேறு வீடு பாருங்கள்.

வளையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறி போடுங்கள். குறியிலிருந்து இரண்டரை அடி தள்ளி, கனமான பெஞ்சின் வெளி விளிம்பு வரவேண்டும். தொங்குபவரின் கால்கள் பெஞ்சை உள்பக்கமாகத் தள்ளும் என்பதால் இரண்டு பேர் அதன்மேல் உட்கார வேண்டும். கீழே மெத்தை கட்டாயம். ஆத்தங்குடிக் கல் பளபளவென்று இருக்கும். ஈரக் காலணியோடு ஏறினால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். ஆச்சிகள் யாராவது வந்து "இது என்னடா கூத்து" என்று கேட்பார்கள். அவர்களையும் பெஞ்சில் உட்கார வைத்துக்கொள்ளலாம், எடைக்கு உதவும்.

வளைய உயரம்: விளிம்பில் உட்கார்ந்து கொக்கியை மாட்டியபின், பின்பக்கத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கைமுட்டி நுழைய வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் புது ஆளால் திரும்ப உள்ளே ஏற முடியாது. தேர்ந்தவர்கள் தாழ்வாகத் தொங்குவது வேகத்துக்காக. முதல் நாள் உயரமாகவே இருக்கட்டும்.

வெளியே போகும் வரிசை மாறக் கூடாது. கொக்கியை மாட்டு. அணியத்துப் (படகின் முன்முனைப்) பக்கக் கையால் கைப்பிடியைப் பிடி. உட்கார்ந்தபடியே பின்பக்கத்தை விளிம்புக்கு வெளியே நகர்த்தி முழு எடையையும் வயரில் போடு. முன்காலை விளிம்பில் வைத்து உதை. பின்கால் தானே வரும். கால்கள் தோள் அகலம், முன்கால் விறைப்பு, பின்கால் லேசாக மடக்கம். கைப்பிடியைக் கடைசியில் விடு. பெரும்பாலோர் செய்யும் தப்பு, எடையை வயரில் போடாமல் கையால் தொங்குவது. பத்து நிமிடத்தில் முன்கை செத்துவிடும், அப்புறம் உள்ளே வரவும் முடியாது.

முன்கால் விறைப்பு ஏன் என்றால், படகு அலையில் குத்தியோ கடற்புல்லில் மாட்டியோ வேகம் குறையும்போது உடம்பு முன்னோக்கிப் பாயும். முழங்கால் மடங்கியிருந்தால் ஆள் அணியத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டு முன்பாயில் மோதுவார். பெஞ்சில் இதையும் செய்து காட்டலாம்: அவர் தொங்கும்போது இடுப்பைப் பிடித்துத் திடீரென்று முன்பக்கம் தள்ளுங்கள். மூன்றாவது முறை காலை மடக்க மாட்டார்.

உள்ளே வருவது: கைப்பிடியைப் பிடி, பின்காலை மடக்கி உள்ளே கொண்டுவா, உட்கார், கொக்கியைக் கழற்று. மாட்டிய கொக்கியோடு படகின் மறுபக்கம் போக முயல்வதுதான் அடுத்த பெரிய தப்பு. இரண்டு பக்கத்துக்கும் இருபது இருபது முறை. வாய் பேசாமல் செய்யும் வரை விடாதீர்கள்.

படகில் பேசும் தமிழ்

மருமகன் சுக்கான் பிடிக்கிறான், மாமா க்ரூ. "மாமா, கொஞ்சம் உள்ள வர்றீங்களா" என்று சொல்லி முடிக்க மூன்று வினாடி ஆகும். அதற்குள் படகு சாய்ந்துவிடும். கரையிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: மரியாதை விகுதி தண்ணீரில் கிடையாது, கரை ஏறியதும் வட்டியோடு திரும்பக் கிடைக்கும்.

ஆறு சொல் போதும்: வெளியே, பாதி, உள்ளே, திரும்பு, விடு, இழு. "எடு", "பிடி" இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். காற்றிலும் பாய் படபடப்பிலும் விடு, எடு, பிடி எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். விட வேண்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். இடம் வலமும் வேண்டாம். ஆள் திரும்பியதும் அவருடைய வலது மாறிவிடும். "கரைப் பக்கம்", "கடல் பக்கம்" மாறவே மாறாது.

இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கம். பெரியவர் எதைச் சொன்னாலும் "சரிண்ணே" என்று வரும். புரிந்ததற்கும் அதே சரி, புரியாததற்கும் அதே சரி. எனவே சரி என்ற பதிலை ஏற்காதீர்கள். சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்ல வேண்டும், செய்தபின் "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். "உள்ளே" – "உள்ளே" – "ஆச்சு". அந்த "ஆச்சு" வரும் வரை நீங்கள் சுக்கானைத் திருப்பக் கூடாது. "தெரியலண்ணே" என்று சொன்னால் அதற்காக ஒரு சிரிப்புகூடக் கூடாது. இரண்டாவது முறை அந்தச் சொல் வராமல் போய்விடும்.

துணைப்படகு

துணைப்படகு இல்லாமல் புது ஆளோடு கிளம்பாதீர்கள். அவுட்போர்டு எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகு ஒன்று, ஓட்ட ஒருவர், தண்ணீரில் குதிக்க ஒருவர். 15 மீட்டர் இழுகயிறு, கொக்கிக் கத்தி, 4 லிட்டர் குடிநீர், நீர்ப்புகா உறையில் போன்.

ஓட்டுபவர் கடலில் உங்களைவிட ஆயிரம் மடங்கு தெரிந்தவராக இருப்பார். ஆனால் அவர் கணக்கில் படகு கவிழ்ந்தால் விபத்து. இங்கே அது பாடத்தின் ஒரு பகுதி. இதைச் சொல்லாமல் விட்டால், முதல் கவிழ்வில் பாய்ந்து வந்து மர உச்சியைப் பிடித்துத் தூக்குவார். மரமோ பாயோ போய்விடும். அவரிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் தலைகளை எண்ண வேண்டும். இரண்டும் தெரிந்தால் 20 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். நெருங்க வேண்டி வந்தால் அணியத்துப் பக்கமாக வந்து, ஆளுக்கு அருகில் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும், நியூட்ரல் போதாது.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பாக் விரிகுடாவின் பாய்மரப் படகுகளில் காற்று வரும் பக்கம் நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து சமன் செய்வது பழைய வழக்கம். தொண்டிப் பக்கத்து மீனவ ஊர்களில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டியும் நடக்கிறது. அந்தப் பலகையில் உட்கார்ந்து பழகியவருக்கு ட்ரப்பீஸை விளக்கத் தேவையில்லை, கொக்கியை மட்டும் காட்டினால் போதும். நல்ல க்ரூ வேண்டுமென்று தேடுபவர்கள் தேட வேண்டிய இடம் அதுதான்.

இறங்குதல்

சாப்பாடு இரண்டு மணி நேரம் முன்னால், நான்கு இட்லி அளவில். விருந்து வீட்டில் சீயமும் உக்காரையும் முடித்துவிட்டு நேரே வந்தவரை அன்று கரையில் உட்கார வையுங்கள். இறங்கும் முன் ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் அல்லது நீர்மோர். இங்கே குளிர் எதிரி இல்லை, வெயில்தான். முழுக்கைச் சட்டை போடுங்கள். தண்ணீரில் 45 நிமிடத்துக்கு மேல் முதல் நாள் வேண்டாம்.

தண்ணீருக்குள் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். சேற்றில் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு தெரிந்து விலகிவிடும், மிதித்தால்தான் கொட்டும். க்ரூ அணியத்தைக் காற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்க, நீங்கள் சுக்கானைப் பொருத்துங்கள். இடுப்பளவு ஆழம் வரும் முன் டாகர்போர்டை முழுக்க இறக்காதீர்கள். அடியில் இருப்பது கடற்புல். கடற்பசு மேயும் இடம். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கரையை ஒட்டிய கடற்பகுதியை 2022-ல் கடற்பசுக் காப்பகமாகவே அறிவித்திருக்கிறார்கள். உழுதுகொண்டு போக வேண்டாம். உங்களுக்கும் நஷ்டம்: புல் ஒரு கொத்து சுக்கானில் சுற்றினால் பிடி நடுங்கும், படகு சொன்ன பேச்சைக் கேட்காது. அப்படித் தோன்றினால் க்ரூவை உள்ளே கூப்பிட்டு, காற்றுக்கு நேராக நிறுத்தி, டாகர்போர்டை ஒருமுறை ஏற்றி இறக்குங்கள்.

ஏறும்போது க்ரூ முதலில், நீங்கள் பின்னால். அவர் ஏறியதும் நடுவில் மரத்துக்குப் பக்கத்தில் குந்தி இருக்கட்டும். நீங்கள் தள்ளி ஏறி, உடனே பாயை இழுத்து ஓட்டம் எடுங்கள். ஸ்கிஃபில் தயங்கினால் அந்த இடத்திலேயே சாய்ந்துவிடும்.

முதலில் கவிழுங்கள்

முதல் பத்து நிமிடத்தில், நெஞ்சளவுக்கு மேல் ஆழம் உள்ள இடத்தில், வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்க்க வேண்டும். பயத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டுவதைவிட, அதைப் பத்து நிமிடத்தில் தீர்த்துவிடுவது நல்லது.

சொல்ல வேண்டியவை: சாயும்போது மேலே ஏறாதே, மரத்தையோ பூமையோ கட்டிப் பிடிக்காதே, கைப்பிடியை விடு, கொக்கியைக் கழற்று, பக்கவாட்டில் தண்ணீருக்குள் வழுக்கு. வெளியே தலை வந்ததும் பெயரைச் சத்தமாகச் சொல். பாய்க்கு அடியில் வந்துவிட்டால் கையை மேலே நீட்டிப் பாயைத் தூக்கு, மூச்சுக்கு இடம் கிடைக்கும். தையல் கோடு ஒன்றைத் தொட்டுக்கொண்டே ஒரே திசையில் போனால் விளிம்பு வரும். எந்த நிலையிலும் மெயின்ஷீட்டின் (பெரிய பாயின் கயிற்றின்) ஒரு முனை கையில் இருக்க வேண்டும். ஸ்கிஃப் உயரமாக மிதக்கும். கைவிட்டால் நீந்துகிறவரைவிட வேகமாகக் காற்றில் போய்விடும்.

நிமிர்த்தும்போது மெயின்ஷீட், கிக்கர் (பூம் மேலே எழாமல் பிடிக்கும் அமைப்பு) இரண்டும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இறுகிய பாயோடு நிமிர்த்தினால் நிமிர்ந்த வேகத்திலேயே மறுபக்கம் போய் விழும். நீங்கள் டாகர்போர்டில் ஏறுங்கள். க்ரூ படகுக்குள் பக்கமாக, விளிம்பை ஒட்டி மிதந்துகொண்டிருக்கட்டும். படகு நிமிரும்போது அவரை அள்ளி உள்ளே போட்டுக்கொள்ளும். அவர் எடையும் மறுபக்கச் சாய்வைத் தடுக்கும். விளிம்பைத் தொடலாம், தொங்கக் கூடாது. தொங்கினால் உங்களால் தூக்க முடியாது. மரம் காற்று வரும் பக்கம் கிடந்தால் நிமிர்ந்ததும் திரும்பக் கவிழும். அணியத்தைப் பிடித்து நீந்தி, காற்றுக்கு நேராகத் திருப்பிய பிறகே தூக்குங்கள்.

மர உச்சி சேற்றில் மாட்டிவிட்டால் டாகர்போர்டில் குதிக்காதீர்கள். துணைப்படகு அடிப்பாகத்தை, மரம் நீண்டிருக்கும் நேர்கோட்டிலேயே, மெல்ல எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். குத்திய ஊசியை உருவுவது போல.

எதிர்பாராத கவிழ்வு மூன்று ஆனால் அன்று முடிந்தது. மூன்றாவதுக்குப் பிறகு கையில் பிடி இருக்காது, காதில் பேச்சு ஏறாது.

ஓட்டம்

கடற்காற்றானாலும் கச்சானானாலும் காற்று பக்கவாட்டில் வரும்படி ஓட, கரையை ஒட்டி வடக்கும் தெற்குமாகப் போய்வந்தால் போதும். 300 மீட்டர் இடைவெளியில் இரண்டு மிதவை போடுங்கள். நேர்ப் பக்கவாட்டைவிடக் கொஞ்சம் காற்றை நோக்கியே வைத்துக்கொண்டால், அதிகமான விசையைத் தளர்த்திவிடுவது எளிது.

முதல் இரண்டு சுற்று அவர் உட்கார்ந்தே வரட்டும். மூன்றாவதில் கொக்கி மாட்டி, பின்பக்கத்தை மட்டும் வெளியே. நான்காவதில் முழுக்க. மெயின்ஷீட் உங்கள் கையில். ட்வென்டிநைனரில் எதிர்க்காற்றில் அதைக் க்ரூதான் பிடிப்பார் என்பது உண்மை. இன்று அவருக்கு உடம்பு மட்டும்தான் வேலை.

அவர் வெளியே போகத் தொடங்கும் கணத்தில் நீங்கள் பாயை இழுக்க வேண்டும். எடை வெளியே போகப் போக அதைத் தாங்கும் இழுவை வேண்டும். பிந்தினால் அவர் முதுகு நனையும். உள்ளே வரும்போது தலைகீழ்: "உள்ளே" சொல்லும் முன்பே பாயைத் தளர்த்தத் தொடங்குங்கள். படகு எப்போதும் பாய்ப் பக்கமாக 5 டிகிரி சாய்ந்தே ஓடட்டும். சமதளமாக ஓட்டுவதுதான் வேகம். ஆனால் தப்பு நேர்ந்தால் எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். பாய்ப் பக்கம் சாய்ந்தால் புது ஆள் மேலே போகிறார், நேரம் கிடைக்கிறது. அவர் பக்கம் சாய்ந்தால் உடனே தண்ணீர்.

காற்று ஓங்கி வருவது தண்ணீரில் கறுப்புத் திட்டாகத் தெரியும். "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று எண்ணுங்கள். ஒன்றில் அது தொடும்போது முதலில் பாய், பிறகுதான் சுக்கான். சட்டென்று சுக்கானைத் திருப்பினால் தொங்குபவர் இருந்த இடத்திலேயே இருப்பார், படகு அவருக்குக் கீழிருந்து போய்விடும்.

திருப்பும் முன் "உள்ளே", "ஆச்சு", கொக்கி கழன்றதைக் கண்ணால் பார்த்தபின் "திரும்பு". மெதுவாகத் திருப்புங்கள், ஆனால் பாதியில் விடாதீர்கள். நேர்க்காற்றில் நின்றால் பின்னோக்கி நகரத் தொடங்கும், சுக்கான் எதிராக வேலை செய்யும். ஜைப் (படகின் பின்முனை காற்றைக் கடக்கும்படி திருப்புவது) முதல் நாள் கிடையாது. இரண்டு மிதவையிலும் டாக் (அணியம் காற்றைக் கடக்கும்படி திருப்புவது) மட்டும்.

காற்றை விட்டு விலகித் திருப்புவதுதான் இந்தப் படகுகளில் மிகக் கடினமான வேலை. காற்று பின்னால் போகப் போக விசை கூடும், அணியம் தண்ணீருக்குள் இறங்கும். படகு மூக்கில் நிற்க, ஆள் மரத்தைத் தாண்டிப் பறப்பார். எனவே க்ரூ பின்காலைக் கால்வாரில் (காலை மாட்டும் பட்டையில்) நுழைத்து ஓரடி பின்னால் நகர்ந்த பிறகு, ஓங்கிய காற்று கடந்த பிறகு, பாயைத் தளர்த்திக்கொண்டே திருப்புங்கள். தொடங்கினால் முடித்துவிட வேண்டும். நடுவில் தயங்கி நிற்கும் கோணம்தான் எல்லாவற்றையும்விட மோசமானது. முதல் நாள் இதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

ஜென்னக்கர் எப்போது

அவர் சொல்லாமலே கொக்கியைக் கழற்றத் தொடங்கிய பிறகு. பெரும்பாலும் மூன்றாவது அல்லது நான்காவது முறை. ஏற்றுவதைவிட இறக்குவதைத்தான் கரையில் பழக்க வேண்டும், படகைச் சக்கரவண்டியில் வைத்து, பத்து முறை. வரிசை: பாயைப் படகுக்குள் இழுக்கும் பின்னிழு கயிற்றின் தொய்வை முழுக்க எடு, பாய்க்கயிற்றைக் காலால் மிதி, அப்புறம்தான் ஏற்றுகயிற்றை விடு, நிறுத்தாமல் இழு. தொய்வை எடுக்காமல் ஏற்றுகயிற்றை விட்டால் பாய் தண்ணீரில் விழுந்து, படகு அதன்மேலேயே ஏறும். அப்புறம் நீங்கள் பாய்மரப் படகு ஓட்டவில்லை, இழுவலை இழுக்கிறீர்கள்.

ஜென்னக்கர் விரிந்திருக்கும்போது காற்று ஓங்கினால் காற்றை விட்டு விலகித் திருப்ப வேண்டும். முதல் நாள் பழகியதற்கு நேர் எதிர். இதைக் க்ரூவுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படகு அவர் எதிர்பார்க்காத பக்கம் திரும்பினால் அவர் காலும் எதிர்பார்க்காத பக்கம்தான் போகும்.

கரையேறிய பின்

பேச்சு மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம், அதில் ஒன்று நீங்கள் செய்த தப்பாக இருக்கட்டும்.

பிறகு நல்ல தண்ணீர். உப்பு காய்ந்தால் முதலில் இறுகுவது கழலும் கொக்கியின் ஸ்பிரிங்தான். ஹார்னெஸைப் பத்து நிமிடம் ஊறவைத்து, கொக்கியைத் தண்ணீருக்குள்ளேயே இருபது முறை அழுத்திக் கழற்றுங்கள். ட்ரப்பீஸ் வயரை மேலிருந்து கீழே ஒரு பருத்தித் துணியால் இழுத்துத் துடையுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. அந்த வயரை அன்றே மாற்றிவிடுங்கள். உச்சியில் கட்டிய கேனையும் அவிழ்த்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டால் மூடி கசிகிறது, அடுத்த வாரத்துக்கு வேறு கேன்.